ஒரு ‘பீப்’, அப்புறம் அமைதி: மாற்ற வேண்டியது இரையா, ரிக்கா?

செப்டம்பர் 4: கேள்வி

தூண்டில் கோலின் கீழ் வைத்த, நரம்பு அசைந்தால் ஒலிக்கும் அலாரம் ஒரு தடவை ‘பீப்’ என்கிறது. அப்புறம் சத்தமே இல்லை. சுருட்டிப் பார்த்தால் பாய்லி, அதாவது வேகவைத்த இரை உருண்டை, முழுசாக இருக்கிறது. மீன்தூள், ஸ்ட்ராபெரி, நண்டு, அன்னாசி என்று எல்லா வாசனையும் போட்டுப் பார்த்தாயிற்று. கார்ப் கெண்டைக்கு உண்மையிலேயே பிடித்த வாசனை எது? ரிக்கை, அதாவது முள்ளும் இரையும் நரம்பும் சேர்ந்த கட்டை, ஆரம்பத்தில் கற்றபடியே கட்டுகிறேன், அதில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை.

செப்டம்பர் 4, இரவு: பதில்

உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியத்துக்காகத்தான் எழுதுகிறேன். அலாரம் கத்தியிருக்கிறது, இரை முழுசாகத் திரும்பியிருக்கிறது என்றால், பெரும்பாலும் மீன் வந்து வாயில் எடுத்துத் துப்பிவிட்டுப் போயிருக்கிறது. மீனைக் கூட்டி வருவதுதான் இரையின் வேலை, அதை அது செய்துவிட்டது. பிடித்து நிறுத்த வேண்டியது முள். நீங்கள் வேலை செய்தவனை மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள், செய்யாதவனைத் தொடவில்லை.

கார்ப் தின்னும் விதத்தை ஒரு தரம் பார்த்தால் இது புரிந்துவிடும். அதன் தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. அடியில் கிடப்பதைச் சேறு, கூழாங்கல், இலைத்தூள் எல்லாவற்றோடும் சேர்த்து உறிஞ்சும். உள்ளே அண்ணத்தில் இருக்கும் சதைப்பகுதி சுவை பார்த்துப் பிரிக்கும். வேண்டியது தொண்டைக்குப் போகும், வேண்டாதது வாய் வழியே வெளியே வரும். நாள் முழுக்க இதுதான் அதன் பிழைப்பு. ஆகவே துப்புவதற்குச் சந்தேகம் தேவையில்லை. எதையும் உறிஞ்சும், எதையும் துப்பும்.

தெளிந்த தண்ணீரில் கரையோரமாக நான் போட்ட ரிக்கின் மேல் ஒரு மீன் குனிந்ததைப் பார்த்திருக்கிறேன். இரை உள்ளே போனது, வெளியே வந்தது. தலையை நகர்த்தக்கூட இல்லை. தூண்டில் நரம்பு துளியும் அசையவில்லை. அலாரம் வைத்திருந்தால் அந்த ஒற்றை பீப்பும் கேட்டிருக்காது. அதற்குப் பிறகு, துப்பும் நொடியில் முள் என்ன செய்கிறது என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் ரிக் கட்டுகிறேன்.

ஹேர் ரிக் பிறந்ததும் இந்த இடத்தில்தான். 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் இருவரும் இரையை முள்ளில் குத்தாமல், முள்ளுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இழையில் தொங்கவிட்டார்கள். முதலில் நிஜமான தலைமுடியையே பயன்படுத்தினார்கள். இரை உள்ளே போகும்போது முள் வெறுமையாகப் பின்னால் போகும். துப்பும்போது இரை முதலில் வெளியேறும், முள் பின்தங்கிக் கீழுதட்டில் இறங்கும். முள் உறைத்ததும் மீன் பாயும், நரம்பில் கட்டிய ஈயத்தின் எடை அதை ஆழமாக இறக்கும். இந்த வரிசையில் ஒரு கண்ணி அறுந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது ஒற்றை பீப்தான்.

செப்டம்பர் 5

நேற்று எழுதாமல் விட்டது: வேறு எதையும் தொடுவதற்கு முன் முள்ளின் கூரைப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை வைத்து, அழுத்தாமல் இழுங்கள். நகத்தில் பிடித்து நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் அந்த முள்ளைக் கழற்றிவிடுங்கள். புது பாக்கெட்டிலிருந்து எடுத்த முள்ளானாலும் இந்தச் சோதனை உண்டு. கூழாங்கல் தரையில் ஒரே ஒரு தரம் இழுபட்டாலும் முனை மடங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். ஒவ்வொரு முறை சுருட்டும்போதும் பார்க்கிறேன்.

செப்டம்பர் 7

இழையின் நீளம். ‘முள்ளின் வளைவுக்கும் இரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்?’ என்று கேட்டதற்கு, ‘இடைவெளியா? இரை முள்ளைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும்’ என்று பதில் வந்திருக்கிறது. சரி, பாதி விடை கிடைத்துவிட்டது.

இரை முள்ளோடு ஒட்டியிருந்தால் முள் சுதந்திரமாகத் திரும்பாது. உருண்டையின் முதுகு முனையை மறைத்துக்கொள்ளும். துப்பும்போது இரண்டும் ஒரே கட்டியாக வெளியே வரும். 15 மில்லிமீட்டர் பாய்லிக்கு 5 முதல் 10 மில்லி இடைவெளி விட்டு ஆரம்பிக்கலாம். அதைவிடப் பெரிய இரைக்குக் கொஞ்சம் கூட்டலாம். ரொம்பக் கூட்டினால் இரை வாய்க்குள் போன பிறகும் முள் உதட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

முள்ளின் அளவும் இதோடு சேர்ந்தது. எண் ஏற ஏற முள் சின்னது என்பது தெரிந்திருக்கும். 15 மில்லி உருண்டைக்கு 6ஆம் எண், அதைவிடச் சின்னதற்கு 8, 20 மில்லிக்கு 4 என்பது என் வழக்கம். சின்ன முள்ளில் பெரிய இரை கட்டினால் எல்லாமே இரையின் பக்கம் சாயும், முள் அது இழுத்த இழுப்புக்குப் போகும்.

இழை முள்தண்டை விட்டுப் பிரியும் இடத்தையும் பாருங்கள். நாட்லெஸ் நாட், அதாவது முள்தண்டைச் சுற்றிக் கட்டும் முடிச்சு, போடும்போது ஏழெட்டுச் சுற்று சுற்றினால் இழை ஏறக்குறைய பின்முள்ளுக்கு (முனைக்கருகே பின்னோக்கி நீட்டும் சிறு கூர்) நேரெதிரே பிரியும். அங்கே ஒரு சின்னத் துண்டு சிலிகான் குழாயைப் போட்டு இழையைத் தண்டோடு பிடித்துவைத்தால் இன்னும் நல்லது. கடைசிச் சுற்றுக்குப் பிறகு நரம்பின் நுனி முள்ளின் கண்ணுக்குள் பின்பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். மாற்றி நுழைத்தால் முள் எதிர்த்திசையில் சாய்ந்து நிற்கும். கட்டிய முடிச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ரிக் மீனைப் பிடிக்காது.

செப்டம்பர் 7, கொஞ்சம் கழித்து

உள்ளங்கைச் சோதனையைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் எண்களாக நின்றுவிடும். இரையோடு கட்டிய ரிக்கை உள்ளங்கையில் படுக்கவைத்து, ஹூக்லிங்கை (முள்ளை ஈயத்தோடு இணைக்கும் குட்டை நரம்பு) பிடித்து விரல் நுனிப் பக்கமாக மெதுவாக இழுங்கள். முள் தானாகப் புரண்டு முனை தோலைத் தேட வேண்டும். எந்தப் பக்கமாகப் படுக்கவைத்தாலும் புரள வேண்டும். மெதுவாக என்றேன், கவனிக்கவும். புரளாமல் பக்கவாட்டில் வழுக்கினால் முள்ளின் கண்ணருகே ஒரு சென்டிமீட்டர் சுருங்குகுழாய் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு, கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டி, முனை இருக்கும் பக்கமாக லேசாக வளைத்துவிடுங்கள். அந்தச் சின்ன வளைவு போதும், முள்ளின் குணமே மாறும்.

செப்டம்பர் 8

ஈயம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஹேர் ரிக்கை நரம்பில் தடையின்றி நழுவி ஓடும் ஈயத்தோடு போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் பாதி நாள் ஏமாற்றம்தான். ஈயம் கிளிப்பில் பிடித்திருக்க வேண்டும், 85 கிராம் அளவில் இருக்க வேண்டும். மீன் தலையைத் தூக்கும் நொடியிலேயே எடை முள்ளை வந்து பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பிரதான நரம்பு அறுந்தால் மீன் ஈயத்தை இழுத்துக்கொண்டு அலையக் கூடாது. கிளிப்பில் ஈயத்தைப் பிடித்துவைக்கும் வால் ரப்பரை முழு பலத்தோடு அழுத்திச் செருகாதீர்கள். கையால் ஈயத்தைப் பிடித்து இழுத்தால் கழன்று வர வேண்டும். வராவிட்டால் அந்த ரிக்கைத் தண்ணீரில் போடாதீர்கள்.

செப்டம்பர் 12

நீங்கள் இரை போடும் இடத்தில் ‘அடியில் என்ன இருக்கிறது?’ என்ற கேள்விக்கு இன்னும் யாரிடமிருந்தும் பதில் வரவில்லை. வெறும் ஈயத்தை மட்டும் கட்டி வீசுங்கள். விழும்போது நரம்பை விரலால் பிடித்துக்கொண்டு தரையைத் தொடும் நொடியைக் கவனியுங்கள். ‘டக்’ என்று கோலில் உதைத்தால் கூழாங்கல் அல்லது கடினத் தரை. மெத்தென்று உட்கார்ந்தால் சேறு. எதுவுமே தெரியாமல் நின்றால் பாசிக்குள் போயிருக்கிறது. அப்புறம் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தடதடவென்று வந்தால் கல், ஒட்டி ஒட்டி வந்தால் சேறு.

கடினத் தரையில் சாதாரணப் பாய்லியும் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஹூக்லிங்கும் போதும். சேற்றில் கனமான ஈயம் புதைந்து முள்ளையும் கூடவே இழுக்கும். அங்கே ஈயத்தைக் குறைப்பேன், ஹூக்லிங்கை 25, 30 வரை நீட்டுவேன். பாசியோ அழுகிய இலையோ இருந்தால் முனை எதையாவது குத்திக்கொண்டு உட்காரும். அதற்குப் பாப்-அப், அதாவது மிதக்கும் இரை, முள்ளைத் தரையிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் மேலே நிறுத்தும். வீசுவதற்கு முன் முள்முனையில் தண்ணீரில் கரையும் நுரைத்துண்டு ஒன்றைக் குத்திவிடுங்கள். அடியில் போனதும் கரைந்து பிரிந்து மேலே மிதக்கும். முனையில் குப்பை சேராது, ரிக் எங்கே கிடக்கிறது என்பதும் தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது வேஃப்டர். இரையின் மிதப்பு முள்ளின் எடையை ஏறக்குறைய சமன்செய்யும். என்னிடம் ஒரே ஒரு இரைதான் இருக்க வேண்டும் என்றால் இதைத்தான் எடுப்பேன். மீன் உறிஞ்சும்போது சுற்றித் தூவிய, முள் இல்லாத தனி இரைகளைப் போலவே எழுந்து போகும், முள்ளின் எடையால் பின்தங்காது.

இது புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்ற தூண்டில்காரர் இங்கிலாந்தின் ரெட்மையர் குளத்தில் 44 பவுண்டு கார்ப் பிடித்தார். ரொட்டி மாவும் ரொட்டியின் மேல்தோலும் சேர்த்து, மூழ்குவதும் மிதப்பதும் சமனாகும்படி செய்த இரை அது. பாய்லி வருவதற்கு முன்னால் நடந்தது. மாவு மூழ்க வைத்தது, தோல் தூக்கிப் பிடித்தது.

செப்டம்பர் 13

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ‘வாக்கர் ஹேர் ரிக் இல்லாமலே பிடித்தாரே’ என்று மடக்கிவிட்டார்கள். நியாயமான மடக்கு. அதே குளத்தில் 1980ல் கிறிஸ் யேட்ஸ் பிடித்த 51 பவுண்டு மீனும் ஸ்வீட் கார்னில்தான் வந்தது. கேட்டவருக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. ரொட்டியும் சோளமும் போதுமாக இருந்திருக்கின்றன, நண்டு வாசனை தேவைப்படவில்லை.

ஆனால் அந்த முறையில் நரம்பு ஓடுவதைப் பார்த்துச் சுண்டி இழுத்து முள்ளை இறக்குவது மனிதனின் வேலை. இன்று நாம் கோலை அலாரத்தின் மேல் வைத்துவிட்டு உட்கார்கிறோம். சுண்டும் வேலையை ரிக்கிடம் ஒப்படைத்துவிட்டோம். ஒப்படைத்த பிறகு அதைச் சரிபார்க்காமல் விட முடியாது.

செப்டம்பர் 15

முதல் நாள் சொன்னதில் ஒரு இடத்தைச் சுருக்க வேண்டும். எல்லா ஒற்றை பீப்பும் துப்பல் அல்ல. இறுக்கமாக நிற்கும் நரம்பில் நீந்திப் போகும் மீன் உரசினாலும் அலாரம் கத்தும். எப்படிப் பிரித்தறிவது? பாபின், அதாவது கோலருகே நரம்பில் தொங்கும் சின்ன எடை, மேலே ஏறி அப்படியே பழைய இடத்துக்கு இறங்கினால் அது பெரும்பாலும் உரசல். ஒரு சொடுக்கு மட்டும், பாபின் நடுங்கி நின்றால் ரிக்கைச் சந்தேகிப்பேன். பாபின் சரசரவென்று கீழே இறங்கினால் யோசிக்காமல் கோலை எடுங்கள், மீன் உங்கள் பக்கமாக நீந்தி வருகிறது.

உரசல் அதிகமாக இருந்தால் நரம்பைத் தளர்த்தித் தரையோடு படியவிடுங்கள். கூட இன்னொன்று: மீன்கள் நீங்கள் வீசும் தூரத்துக்கு முன்னாலேயே நிற்கின்றன என்றும் அதற்குப் பொருள். கொஞ்சம் கிட்டத்தில் வீசிப் பாருங்கள்.

செப்டம்பர் 19

ஹூக்லிங்க் எதில் கட்டுவது என்ற சண்டை ஓயாது போலிருக்கிறது. மென்மையான பின்னல் நரம்பு இரையை இயல்பாக அசையவிடும், ஆனால் வீசும்போது சிக்கும், மீன் துப்புவதும் சுலபம். ஃபுளூரோகார்பன் விறைப்பானது, சிக்காது, தண்ணீரைவிடக் கனமானது என்பதால் தானாகவே தரையோடு படியும். அந்த விறைப்பினால் முள்ளை வாயிலிருந்து கழற்றுவது மீனுக்குக் கஷ்டம். ஆனால் மேடுபள்ளமான தரையில் வளைவு வளைவாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். பூச்சுப் பூசிய பின்னல் நரம்பு இரண்டுக்கும் பொது: விறைப்பை வைத்துக்கொண்டு முள்ளருகே மட்டும் இரண்டு சென்டிமீட்டர் பூச்சை உரித்தால் அங்கே ஒரு மூட்டு கிடைக்கிறது. நான் அதிகம் கட்டுவது இதைத்தான். சிக்கலுக்கு முக்கிய மருந்து நரம்பின் வகை இல்லை. ஈயம் தண்ணீரைத் தொடும் சற்று முன் நரம்பு சுற்றிய ஸ்பூலில் விரலை வைத்து வேகத்தைக் குறையுங்கள். ரிக் நீண்டு விரிந்து விழும்.

செப்டம்பர் 27

இரையைப் பற்றிக் கேட்டவருக்கு இரையைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார். சரி.

வாசனையை விட வெப்பநிலை முக்கியம். தண்ணீர் 18 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும்போது கார்ப் நன்றாக மேயும். அதற்கு உண்மையான இரைப்பை கிடையாது, வெதுவெதுப்பான தண்ணீரில் தின்றது சீக்கிரம் கடந்து போகும், மறுபடி பசிக்கும். அப்போது மீன்தூள், எண்ணெய்ச் சத்துள்ள பாய்லியும் பெல்லட்டும் (சின்னத் தீவன உருளைகள்) தாராளமாகப் போடலாம். 10 டிகிரிக்குக் கீழே போனால் மேய்ச்சலும் செரிமானமும் மந்தமாகும். எண்ணெயும் கெட்டிப்பட்டுப் பரவாமல் இரைக்குள்ளேயே அடைந்து கிடக்கும். அப்போது பால்புரதம், பறவைத் தீவனம் கலந்த, தண்ணீரில் சுலபமாகக் கசியும் இரைதான் பேசும். அதையும் கைப்பிடிக்குள், தண்ணீரில் கரையும் ஒரு சின்னப் பையில், முள்ளைச் சுற்றி மட்டும்.

வாசனைத் திரவம் அதிகமாக ஊற்றினால் அதிக மீன் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. திரவப் புட்டியில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். நம் மூக்குக்கு வாசனை. வாயிலும் உதட்டிலும் மீசையிலும் சுவை அறியும் அந்த உயிருக்கு அது எரிச்சலாகலாம். அன்றைக்குக் கையில் இருக்கும் நல்ல இரை ஒன்றைத் தேர்ந்து, அதே இடத்தில், அதே இரையைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். மீன் அதைச் சாப்பாடாக அடையாளம் காணட்டும். ஒவ்வொரு தடவையும் வாசனையை மாற்றுகிறவருக்கு இது நடக்கவே நடக்காது. இரையை மாற்றியபோது ரிக்கும் இடமும் மாறியிருந்தால், எது வேலை செய்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள்.

செப்டம்பர் 28

வேஃப்டர் ஊறினால் மிதப்பு மாறும். முந்தைய இரவே ரிக்கோடு ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுவையுங்கள். காலையில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். மாறியிருந்தால் டங்ஸ்டன் பசையை (ரிக்கில் ஒட்டும் கனமான களிமண் போன்ற பொருள்) கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். சிலது மூழ்கிப்போகும், சிலது மிதக்க ஆரம்பிக்கும். தண்ணீரில் போட்ட மறுநிமிடம் சமனாக நின்றதை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம்.

அக்டோபர் 2

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: இடைவெளியை 8 மில்லிக்குக் கூட்டினார், முள்ளை மாற்றினார், பழைய மீன்தூள் பாய்லியையே போட்டார். மீன் வந்தது. இன்னொன்று வழியில் கழன்றது. வந்த மீனில் முள் உதட்டு ஓரத்தில் நுனித்தோலில் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

மகிழ்ச்சி. ஆனால் அந்த நுனித்தோல்தான் கழன்ற மீனுக்கும் காரணம் என்று படுகிறது. முள் எங்கே ஏறியிருக்கிறது என்பது ரிக் உங்களுக்கு எழுதிய கடிதம், ஒவ்வொரு மீனிலும் படியுங்கள். கீழுதட்டின் நடுவில், இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, சதையில் ஏறியிருந்தால் எதையும் தொடாதீர்கள். நுனியில் மட்டும் பிடித்திருந்தால் முள் முழுசாக உள்ளே போவதற்குள் ஈயம் இழுக்கிறது என்று பொருள். ஹூக்லிங்கை ஐந்து சென்டிமீட்டர் நீட்டிப் பாருங்கள். இழையை இப்போதைக்குக் கூட்ட வேண்டாம். வாயின் பக்கவாட்டு மூலையில் ஏறியிருந்தால் முள் தாமதமாகத் திரும்புகிறது, சுருங்குகுழாய் வளைவைச் சரிபாருங்கள்.

மீனை எடுப்பதற்கு முன் அதைக் கிடத்தும் பாயை நனைத்துக்கொள்ளுங்கள், கையையும். இதைக் கேட்காமலே சொல்கிறேன்.

அக்டோபர் 10

ரோனி ரிக் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். முள்ளின் கண் ஒரு ஸ்விவலில் (சுழலும் இணைப்பு) மாட்டி முழு வட்டமும் சுழலும், பாப்-அப்புக்கு அருமையாக இருக்கும். சேற்றிலும் மெல்லிய பாசியிலும் நானும் அதைப் போடுகிறேன். ஆனால் பாப்-அப்பின் மிதப்பு குறைந்தால் அது சாய்ந்து படுத்துவிடும், அதற்குப் பிறகு சுழல்வதில் பயனில்லை. சில மணி நேரத்துக்கு மேல் அடியில் கிடக்கும் என்றால் இரையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுத்தமான கடினத் தரையில், மீன்கள் தலைகுனிந்து தனி இரைகளை மேயும்போது, சாதாரண ஹேர் ரிக்கை மாற்ற எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கூழாங்கல் தரைக்கு முனை உள்நோக்கி வளைந்த முள் வாங்குங்கள், நேர்முனையைவிட அதிக நேரம் கூர் தாங்கும். பின்முள் வைக்கலாமா என்பது அந்தந்தத் தண்ணீரின் விதி.

அக்டோபர் 18

பாய்லிக்குப் பதிலாகச் சோளம், டைகர் நட் (கொட்டை போன்ற ஒரு சின்னக் கிழங்கு) போடலாமா என்ற புதுக் கேள்வி. போடலாம், ஆனால் பச்சையாக ஒருபோதும் வேண்டாம். காய்ந்த விதையோ கிழங்கோ மீனின் குடலுக்குள் போய் ஊதினால் உயிருக்கே ஆபத்து. சோளத்தை ஒரு முழு நாள் ஊறவைத்து, அரை மணி நேரமாவது கொதிக்கவைக்க வேண்டும். டைகர் நட்டுக்கு ஊறலும் கொதியும் இன்னும் கூடுதல். நகத்தால் அழுத்தினால் விட்டுக்கொடுக்க வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே ஒரு நாள் விட்டால் இனிப்பும் கொழகொழப்பும் ஏறும். அதைக் கொஞ்சம் பெல்லட்டில் ஊற்றிப் பிசறிக்கொள்ளலாம். இழையில் கோக்கும்போது இரண்டு சோளத்தோடு மிதக்கும் போலிச் சோளம் ஒன்றும் சேர்த்தால் முள்ளின் எடை சமனாகும். இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள், சோளம் பாய்லியைவிடச் சின்னது.